துலாக்கோலின்றி அளந்த புளித்த மா: நாஞ்சில் நாட்டு அடுக்களை அளவைகள்

தமிழர் கண்ட அளவைகளைப் பற்றி அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். அவர்தம் ஆராய்ச்சி பெரும்பாலும் அரசிறை, நிலவளவு, கோயில் நிவந்தம், வாணிகம் என்னும் நான்கனையும் தழுவியே சென்றது. பண்டைக் கலமும் மரக்காலும் இக்காலத்து லிட்டரில் எத்துணை ஆகும் என்பதே பலரும் எழுப்பிய வினா. அவ்வளவைகளை நாடோறும் கையாண்ட இடம் அடுக்களை. அவற்றைக் கையாண்டோர் பெண்டிர். அவ்விடமும் அவர்தம் வழக்கும் ஆராய்ச்சிக்கு உரியனவாகக் கொள்ளப்படவில்லை. இக்குறையை ஒரு சிறிது போக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்கு யாம் எடுத்துக்கொண்ட பொருள் புளித்த மா. இடம் நாஞ்சில் நாடு.

1. வினா

மாவைப் புளிக்கவைத்துச் சுடும் பண்டங்களில் அளவு பிழைத்தல் ஆகாது. சோறு சிறிது குழைந்தாலும் உண்ணலாம். ஆப்பமாவில் நீர் மிகுந்தால் ஆப்பம் சட்டியில் ஒட்டும், குறைந்தால் கனத்துப்போகும், புளிப்பு மிகுந்தால் நாவிற்கு ஒவ்வாது. மேலைநாட்டார் புளித்த மாவால் ரொட்டி சுடும் தொழிலிலும் இந்நிலையே உள்ளது. அத்தொழிலறிந்தோர் இக்காலத்தே, மாவையும் நீரையும் நிறுத்தே கொள்ளல் வேண்டும், முகந்து கொள்ளலாகாது என்பர். அவர் கூறும் காரணம் தக்கதே. மா, தூளாகிய பொருள். அதனைத் தளர இட்டு அளந்தால் ஒரு நிறை. கலத்தைத் தட்டியும் அமுக்கியும் அளந்தால் வேறொரு நிறை. கலம் ஒன்றே, மாவும் ஒன்றே. ஆயினும் நிறை மாறிவிடும்.

நாஞ்சில் நாட்டு இல்லங்களின் அடுக்களையில் துலாக்கோல் இருந்ததில்லை. அது கடைக்கும் பொற்கொல்லனுக்கும் உரிய கருவி. எனின், தலைமுறை தலைமுறையாக அவ்வில்லங்களில் மா தவறாது பொங்கியது எவ்வாறு? 'கைப்பக்குவம்' என்று ஒரு சொல்லால் விடைகூறி அமைதல் எளிது. அவ்விடை ஆராய்ச்சி ஆகாது. அக்கைப்பக்குவத்தினுள் ஓர் ஒழுங்கான அளவை முறை அடங்கிக் கிடக்கின்றது என்பதே யாம் காட்டப் புகுவது.

2. எழுவகை அளவை

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் மாத்திரைக்கு அளவு கூறும் நூற்பாவிற்கு உரை வகுத்தோர், அளத்தல் எழுவகைப்படும் என்றனர். நிறுத்தளத்தல், பெய்தளத்தல், சார்த்தியளத்தல், நீட்டியளத்தல், தெறித்தளத்தல், தேங்க முகந்தளத்தல், எண்ணியளத்தல் என்பன அவை. கண்ணிமையோடும் கைந்நொடியோடும் ஒப்பிட்டு எழுத்தின் ஒலியை அளப்பது சார்த்தியளத்தலின்பாற்படும். அறியாத ஒன்றனை அறிந்த ஒன்றன் அருகே வைத்து மதிப்பிடுவது சார்த்தியளத்தல் எனக் கொள்ளலாம்.

இவ்வேழனுள் நிறுத்தளத்தல் ஒன்று மட்டுமே என்பதை மாணவர் கருதிப் பார்த்தல் வேண்டும். நிறுப்பதே அளப்பது, ஏனையவெல்லாம் தோராயம் என்னும் எண்ணம் நம்மிடையே பிற்காலத்தில் வந்து புகுந்தது. உரையாசிரியர் அவ்வாறு கருதவில்லை. பொருளின் இயல்புக்கு ஏற்ப அளக்கும் வகையும் வேறுபடும் என்பதே அவர்தம் கொள்கை.

3. பொன்னுக்குத் துலாக்கோல், அமுதுக்கு நாழி

இக்கொள்கை ஏட்டில் மட்டும் இருந்ததன்று என்பதற்குக் கல்வெட்டுக்கள் சான்றாகும். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களில் பொன் 'ஆடவல்லான்' என்னும் பெயருடைய கல்லால் நிறுக்கப்பட்டது. நெல், இராசகேசரியோடு ஒத்த 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளக்கப்பட்டது. கோயில் ஒன்று, பெயரும் ஒன்று. கருவி மட்டும் இரண்டு. துலாக்கோல் இல்லாமையால் நெல்லை முகந்தனர் என்று கூறுதற்கு இங்கு இடமில்லை. துலாக்கோல் கையிலிருந்தும் நெல்லுக்கு மரக்காலையே கொண்டனர் என்க.

நாஞ்சில் நாட்டுக்கு வடக்கே பொருநைக் கரையிலுள்ள அம்பாசமுத்திரத்தில் 9ஆம் நூற்றாண்டைச் சார்ந்த வரகுண பாண்டியன் கல்வெட்டு ஒன்று உண்டு. இறைவனுக்கு நாடோறும் அமுது படைக்க 290 காசு வைத்து, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் பலிசையாக வரையறுத்ததை அது கூறும். ஆக 580 கலம். அதன்கண் அமுதுக்குரிய பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் அளவு குறிக்கப்பட்டுள்ளது. அரிசியும் நெய்யும் தயிரும் முகத்தலளவையால் வருகின்றன. வாழைப்பழம் எண்ணால் வருகின்றது. சர்க்கரை பலத்தால், அஃதாவது நிறையால், வருகின்றது. ஒரே அடுக்களைக்கு மூவகை அளவைகள். மணிகளாய் உள்ளதும் நீராய் உள்ளதும் முகக்கப்பட்டன. தனித்தனியே நிற்பது எண்ணப்பட்டது. கட்டியாய் இருப்பது நிறுக்கப்பட்டது.

அப்பவமுதுக்கு நிவந்தம் கூறும் கல்வெட்டுக்கள் பெரும்பாலும் அரிசி, நெய், வெல்லம், மிளகு, சீரகம் என்பனவற்றையே அளவிட்டுக் கூறும். அப்பம் மாவாற் செய்யப்படுவது. ஆயினும் அளவு அரிசிக்கே கூறப்படும். இதன் காரணத்தைப் பின்னர்க் காட்டுவோம்.

4. நாஞ்சில் நாட்டு அளவைகள்

நாஞ்சில் நாடு என்பது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகத்தீசுவரம் பகுதிகளாகும். திருவிதாங்கூர் ஆட்சியில் நெடுங்காலம் இருந்தமையால் அங்கே இருவேறு அளவை மரபுகள் சந்தித்தன. மேற்கிலிருந்து வந்தவை இடங்கழியும் பறையும். நான்கு நாழி ஓர் இடங்கழி. பத்து இடங்கழி ஒரு பறை. கிழக்கு மரபு மரக்காலும் கோட்டையும். எட்டு நாழி கொண்டது மரக்கால். இருபத்தொரு மரக்கால் கொண்டது கோட்டை. நிலத்தையும் அங்கே விதையின் அளவால் வழங்கினர். ஒரு மரக்கால் விதைப்பாடு, ஒரு கோட்டை விதைப்பாடு என்றால், அத்துணை விதை விதைத்தற்குரிய நிலம் என்பது பொருள். வயலின் பரப்பையும் முகத்தலளவையால் உணர்ந்த மக்கள், அடுக்களையில் துலாக்கோலை நாடாமை வியப்பன்று.

இவ்விரு மரபுகளுக்கும் பொதுவாய் நின்றது நாழி. சங்க காலத்திலேயே ஒருவர் உணவுக்கு இதனையே அளவாகக் கூறினர் என்பது புறநானூற்று 189ஆம் பாட்டால் அறியப்படும். நாழியின் கூறுகளைப் பழைய கணக்கு வாய்பாடு இவ்வாறு வகுக்கின்றது: 360 நெல் ஒரு செவிடு, ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. இவ்வாய்பாட்டின்படி நாழிக்கு 14,400 நெல். நிறையிலும் நான்கு நெல் ஒரு குன்றிமணி. நீட்டலிலும் எட்டு நெல் ஒரு விரல். மூவகை அளவைக்கும் நெல்லே வித்தாக நிற்பதைக் காண்க.

சுசீந்திரம் கோயிலைப் பற்றி கே.கே. பிள்ளை அவர்கள் 1953இல் வெளியிட்ட நூலும், திருவிதாங்கூர்த் தொல்பொருள் வரிசைத் தொகுதிகளும் இந்நாட்டுக் கோயில் வாழ்வை ஆராய்வார்க்குப் பெருந்துணையாவன. அவற்றைப் பயில்வோர், அங்கே காணும் நாழியையும் உரியையும் வெறும் எண்ணாகக் கொள்ளாது, ஒரு கையில் இருந்த கலமாகக் கண்முன் கொண்டுவரல் வேண்டும்.

5. மாவை அளவாமை

இனி முதன்மையான செய்திக்கு வருவோம். நாஞ்சில் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் முதியவர் ஒருவரிடம், "ஆப்பத்துக்கு எவ்வளவு மாவு எடுப்பீர்கள் ஆச்சி?" என்று யாம் வினவினேம். அவர் நகைத்து, "மாவ யாரு மக்களே அளப்பா? அரிசியல்லா அளக்கணும்" என்றார். கல்வெட்டுக்களில் யாம் பலகாலும் படித்துப் பொருளுணராது கடந்ததனை அவ்வொரு தொடர் விளக்கிவிட்டது.

மாவை முகந்தளத்தல் பிழைபடும் என்று மேலைத் தொழிலறிஞர் கூறுவது உண்மையே என்று முன்னர்க் கண்டோம். அரிசி அத்தகையதன்று. அது கடினமான மணி. கையால் அமுக்கினால் அமுங்குவதில்லை. நாழியைத் தளர நிரப்பினாலும் தட்டி நிரப்பினாலும் வேறுபாடு மாவினும் மிகக் குறைவே. தலைதட்டிவிட்டால் அவ்வேறுபாடும் சுருங்கும். ஆகவே முகத்தலளவை பிழைபடாத நிலையில் பொருள் இருக்கும்போதே அதனை அளந்துவிட்டனர். ஊறுவதற்கு முன் அளந்தமையும் கருதத்தக்கது. ஊறிய அரிசி நீரை ஏற்றுப் பருத்துவிடும். அளந்தபின் அரிசியை ஊறவைப்பினும், இடிப்பினும், அரைப்பினும் அதன் அளவு கெடுவதில்லை. மா எவ்வளவு என்னும் வினாவே எழாது போயிற்று. அப்பவமுதுக்கு அரிசியையே கல்வெட்டுக்கள் அளவிட்டமைக்கும் காரணம் இதுவே எனக் கருதுகின்றோம். பண்டாரத்திலிருந்து அளந்து கொடுக்கப்பட்டது அரிசி என்பது ஒரு காரணம். பிழையின்றி முகக்கத்தக்கதும் அரிசியே என்பது மற்றொன்று.

ஏனைய பொருள்களுக்கும் இத்தெளிவு உண்டு. தேங்காய் எண்ணியளக்கப்படும்: ஒரு தேங்காய், அரைத் தேங்காய். கள்ளும் இளநீரும் சிரட்டையாலோ உழக்காலோ பெய்தளக்கப்படும். உப்பு உள்ளங்கையோடு சார்த்தியளக்கப்படும். நீருக்கு மட்டும் முன்கூட்டிய அளவு இல்லை. பழைய அரிசி நீரை மிகுதியாய் ஏற்கும். புதிய அரிசி குறைவாய் ஏற்கும். ஆதலின் நீருக்கு நிலையான அளவு கூறுதலே பிழையாகும். அகப்பையிலிருந்து மா விழும் வகையைக் கண்டு, நீரை இறுதியில் சிறிது சிறிதாய்ச் சேர்த்தனர். அளக்க வேண்டுவதை அளந்து, அளக்கலாகாததைப் பதத்திற்கு விட்டமை இம்முறையின் நுட்பம்.

6. இரட்டிக்கும் படிகள்

ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி என்பன ஒன்றற்கொன்று இரட்டியாய் ஏறுகின்றன என்று கண்டோம். இதனால் விளையும் பயன் சிறப்புடையது. எடுத்துக்காட்டாக, நாழி அரிசிக்கு உழக்குக் கள் என்பது ஒரு வீட்டு வழக்காயின், பாதி அளவு செய்ய விரும்புவோர் கணக்கிட வேண்டுவதில்லை. ஒவ்வொரு கலத்திலும் ஒரு படி இறங்கினால் போதும்: உரி அரிசி, ஆழாக்குக் கள். விருந்து வந்தால் ஒரு படி ஏறுதல் அமையும். எழுத்தறியாதாரும் விகிதம் தவறாது கூட்டவும் குறைக்கவும் இக்கல வரிசையே துணைசெய்தது.

மேலும், விகிதம் நிலைபெற்றவிடத்து அலகின் பருமை பொருட்டன்று. ஓரூர் நாழியும் மற்றோரூர் நாழியும் கொள்ளளவில் வேறுபட்டன என்பது உண்மை. வாரம் அளப்பார்க்கும் விலைகொள்வார்க்கும் அது பெரும் வழக்காயிற்று. அரசரும் கோயிலாரும் தம் பெயரால் மரக்கால் வகுத்தது அது பற்றியே. அடுக்களைக்கோ அவ்வேறுபாட்டால் இடரில்லை. எல்லாப் பொருளையும் ஒரே வீட்டுக் கலத்தால் அளக்குங்கால், கலம் பெரிதாயினும் சிறிதாயினும் மா ஒன்றே. சந்தை அளவை நிலையான அலகை வேண்டும். அடுக்களை அளவை நிலையான விகிதத்தை வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறியாமையே நம் ஆராய்ச்சியில் நேர்ந்த குறை.

7. புளிப்பின் அளவு

எஞ்சியது புளிப்பு. மதுரைக்காஞ்சி, தேனிறாலை ஒத்த மெல்லிய அடையைக் கூறுகின்றது. கண்ணறைகள் நிறைந்த அப்பண்டம் இன்றைய ஆப்பத்தை நினைவூட்டும். எனினும் இதுகொண்டு சங்க காலத்தே மாவைப் புளிக்கவைத்தனர் என்று துணிதல் கூடாது. உவமை ஒன்றே சான்றாகாது. புளித்த மாவின் தொன்மையை அறுதியிடுவது வேறோர் ஆய்வுக்கு உரியது. பிற்கால வழக்கு மட்டும் தெளிவாய் உள்ளது. நாஞ்சில் நாட்டிலும் அதனை அடுத்த கல்குளம், விளவங்கோடு பகுதிகளிலும் ஆப்பமாவுக்குக் கள்ளோ, புளித்த தேங்காய்த் தண்ணீரோ, முன்னாள் மாவில் எஞ்சியதோ சேர்த்தனர். கோவாவில் போர்ச்சுகீசியர் ரொட்டிக்குக் கள்ளைப் பயன்படுத்தியதும், முன்னாள் மாவை எடுத்துவைத்து மறுநாள் மாவைப் புளிக்கவைத்தலை உரோம அறிஞர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் குறித்ததும் இதனோடு ஒப்பிடத்தக்கன.

புளிப்பை விளைப்பன நுண்ணுயிர்கள். இட்டலி மாவைப் பொங்கச் செய்வதில் லியூக்கோனாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்னும் நுண்ணுயிரின் பங்கை 1965இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று விளக்கியது. உயிருள்ளதாகலின் அதனை நிறுத்துக் கொள்வதால் மட்டும் பயனில்லை. காலையில் இறக்கிய கள்ளும் மாலைக் கள்ளும் அளவால் ஒன்றாயினும் ஆற்றலால் வேறு. கன்னியாகுமரி மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுவது. குளிர்ந்த இரவில் மா மெல்லப் புளிக்கும்; வெம்மையில் விரையும். ஆகவே குளிர்நாளில் பழைய மாவைச் சிறிது மிகுத்தனர், அல்லது முன்னரே கரைத்தனர். பானையில் பாதியளவே மாவை வார்த்தனர். அது பொங்கி விளிம்பை நாடும்போது பக்குவம் வந்தது என்றறிந்தனர். இங்கே பானையே அளவுகோலாகின்றது. மாவின் ஏற்றமே அளவாகின்றது. இது சார்த்தியளத்தலன்றி வேறென்ன?

நாழி என்னும் சொல் உட்டுளையுடைய பொருளையும், முகக்கும் கலத்தையும் உணர்த்தும். நாழிகை காலத்தை உணர்த்தும். முல்லைப்பாட்டில் பொழுதறிந்து கூறுவோர் நீர்க்கலத்தின் துணைகொண்டே காலத்தை அளந்தனர். கலத்தையும் காலத்தையும் ஒருங்கே நோக்கிய அவ்வறிவு அடுக்களையில் நாடோறும் விளங்கியது எனலாம்.

இதற்கு வேறொரு திசையிலிருந்தும் விளக்கம் உண்டு. 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தபின் நாஞ்சில் நாட்டு இல்லங்கள் சிலவற்றில் விவிலியமும் பயிலப்பட்டது. மத்தேயு 13ஆம் அதிகாரத்தில் ஒரு பெண் மாவில் புளிப்பை அடக்கிவைக்கும் உவமை வருகின்றது. கிரேக்க மூலத்தில் உள்ளது 'சாத்தோன்' என்னும் முகத்தலளவை. அது படியினும் பன்மடங்கு பெரியது. தமிழாக்கியோர் அதனை 'மூன்று படி' என்றனர். அலகு மாறியும் உவமை கெடவில்லை. சிறிது புளிப்பு, மிகுதியான மா, முழுதும் புளிக்குமளவும் காலம் என்னும் விகிதமே அங்கும் பொருளை நடத்துகின்றது.

8. 1956க்குப் பின்

1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும் தமிழகத்தோடு இணைந்தன. அவ்வாண்டு டிசம்பரிலேயே நிறை அளவைச் சட்டம் இந்தியா முழுமைக்கும் இயற்றப்பட்டது. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் முறை படிப்படியாய் நடைமுறைக்கு வந்தது. மொழியால் தம் நாட்டோடு சேர்ந்த மக்கள், அதே காலத்தில் தம் நாழியையும் மரக்காலையும் சந்தையில் இழக்கத் தொடங்கினர். இது முறையீடன்று. சந்தைக்குப் பொது அலகு இன்றியமையாதது. ஊருக்கு ஊர் வேறுபட்ட மரக்காலால் உழவர் இழந்தது மிகுதி. 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்குதலும் தடைப்பட்டமையால் ஆப்பமாவின் பழைய புளிப்பு மருந்தும் அரிதாயிற்று. கடை ஈஸ்ட்டும் சோடாவும் அவ்விடத்தைப் பற்றின.

ஆயினும் விகிதம் அழியவில்லை. இன்று நாழி இல்லாத வீட்டிலும் இட்டலிக்கு நான்கு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து என்கின்றனர். இது நாழிக்கு உழக்கு என்னும் பழைய விகிதமே. கலம் மாறியது, முறை நிலைத்தது. அரைத்த மாவைப் பொட்டலமாய் வாங்கி டம்ளரால் அளப்போர்க்கே இடர் நேர்கின்றது. அவர்தம் ஆப்பம் ஒருநாள் வாய்த்து மறுநாள் பிழைப்பது கைப்பக்குவக் குறையன்று. அளக்கும் பொருள் அரிசியினின்று மாவுக்கு மாறிய பின்னும் அளக்கும் கருவி மாறாமையே காரணம். மாவையே வாங்குவோர் துலாக்கோலை நாடுதல் தக்கது. அஃதில்லார், மாவைக் கிளறித் தளர்த்தி, அமுக்காது நிரப்பி, தலைதட்டி, எந்நாளும் ஒரேவகையாய் அளந்து, நீரை இறுதியில் பதத்திற்கேற்பச் சேர்த்தல் வேண்டும்.

9. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். துலாக்கோலின்றி அளந்தது அறியாமையால் அன்று. பொருளுக்கேற்ற அளவையைத் தேர்ந்தமையால் ஆகும். பிழைபடும் மாவை விட்டுப் பிழைபடா அரிசியை அளந்தனர். அலகை நம்பாது விகிதத்தை நம்பினர். உயிருள்ள புளிப்பைக் காலத்தாலும் ஏற்றத்தாலும் சார்த்தியளந்தனர்.

யாமும் பல்லாண்டுகளாகக் கல்வெட்டுப் பாடம் நடத்துங்கால் உழக்கையும் உரியையும் மில்லிலிட்டராக மாற்றி எழுதச்செய்து அமைந்தோம். மாணவர் விடையும் சரியாயிருந்தது. பொருள் மட்டும் விளங்கவில்லை. நாழிக்கு அகராதி தரும் பொருள் எட்டு ஆழாக்கு என்பது. அதனால் எதனை அளப்பர், எந்நிலையில் அளப்பர், தலைதட்டியா குவித்தா என்பவற்றை அகராதி கூறுவதில்லை. அவை இன்னும் சில முதியோர் கையில் உள்ளன. நாஞ்சில் நாட்டு ஊர்களைச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவர் தத்தம் இல்லத்து நாழியின் கொள்ளளவை அளந்து எழுதுவதோடு நில்லாது, அதனைக் கையாண்டார் சொற்களையும் அவர் கையாண்ட வகையையும் அவ்வாறே பதிவு செய்தல் வேண்டும். வெண்கல நாழி நூறாண்டு கழித்தும் கிடைக்கும், "மாவ யாரு மக்களே அளப்பா?" என்று நகைக்கும் குரல் அத்துணைக் காலம் காத்திராது.